விடிந்த பிறகு வந்த தோட்டா

ஜாம்பி என்ற சொல் இன்று நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. கைப்பேசி விளையாட்டில் அதைச் சுடுகிறார்கள். கொரியப் படங்களில் அதைக் கண்டு அலறுகிறார்கள். 2016-இல் 'மிருதன்' வந்தபோது தமிழிலும் பார்த்துவிட்டார்கள். செத்தவர்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து வருவார்கள், உயிரோடு இருப்பவர்களைத் தின்பார்கள், தலையில் அடித்தால்தான் விழுவார்கள். இந்த இலக்கணத்தை உலக சினிமாவுக்கு வகுத்துக் கொடுத்தது 1968-இல் அமெரிக்காவில் வந்த ஒரு சின்னப் படம். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்பது அதன் பெயர். இயக்கியவர் ஜார்ஜ் ரொமேரோ.

தலித் மக்களின் சிக்கல்களைப் பேசும் பத்தியில் பேய்ப்படத்துக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வேலை இருக்கிறது. ஒடுக்கப்பட்ட ஒருவனின் உயிருக்கு ஆபத்து எப்போது வருகிறது, யார் கையால் வருகிறது என்று கேட்டால், நம்மில் பலரும் கலவரம் நடக்கும் இரவைத்தான் சொல்வோம். அந்த இரவைத் தாண்டிவிட்டால் காவல்துறை வரும், அதிகாரிகள் வருவார்கள், சட்டம் வரும் என்பது நம் நம்பிக்கை. இரவு கழிந்து, ஒழுங்கு திரும்பி வரும் காலைப்பொழுதைப் பற்றி இந்தப் படம் பேசுகிறது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஜாம்பி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். அந்தக் கற்பனை பிறந்த இடம் கரீபியக் கடலில் உள்ள ஹைட்டி. ஒரு காலத்தில் அது பிரான்சின் காலனி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்துச் செத்தார்கள். செத்தால் தாய்மண்ணான ஆப்பிரிக்காவுக்கு உயிர் திரும்பிவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். அப்படித் திரும்ப முடியாமல், பிணமான பிறகும் ஓர் எஜமானுக்குக் கட்டுப்பட்டு உழைத்துக்கொண்டே இருப்பவன்தான் ஜாம்பி. ஹைட்டி மக்கள் ஜாம்பி தங்களைக் கடித்துவிடும் என்று பயப்படவில்லை. தாங்களே ஜாம்பி ஆக்கப்பட்டுவிடுவோமோ என்றுதான் பயந்தார்கள். தாத்தன் பட்ட கடனுக்குப் பேரன் உழைத்த பண்ணையாள் முறையை அறிந்த நமக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

அதே மக்கள் 1791-இல் கிளர்ந்தெழுந்து, 1804-இல் சொந்த நாட்டை அமைத்தார்கள். அடிமைகளே போரிட்டு வென்று உருவாக்கிய நாடு அது. 1915 முதல் 1934 வரை அந்த நாட்டை அமெரிக்கப் படை பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில்தான் ஜாம்பி கதை அமெரிக்காவுக்குப் போனது. 1932-இல் 'ஒயிட் ஜாம்பி' என்ற படம் வந்தது. அதில் பிணங்கள் சர்க்கரை ஆலையில் செக்கு சுற்றுகின்றன. ஒருவன் தவறி உள்ளே விழுகிறான். மற்றவர்கள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஒரு காட்சியில் ஹைட்டியின் கண்ணீர் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆனால் படத்தின் கவலையெல்லாம் ஜாம்பி ஆக்கப்பட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றியது. அடிமைகளின் துயரக் கதை, ஆண்டைகளின் பயக் கதையாக மாறிப்போனது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த சில இளைஞர்கள் ஒரு முழுநீளப் படம் எடுக்க நினைத்தார்கள். ரொமேரோ அவர்களில் ஒருவர். பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 600 டாலர் போட்டு 6,000 டாலரில் தொடங்கினார்கள். முடிக்கும்போது செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. எவான்ஸ் சிட்டி என்ற சிற்றூரின் பக்கத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டைப் பிடித்து, 1967-இல் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. பிணங்கள் தின்னும் குடலுக்கும் இறைச்சிக்கும் படத்தில் பணம் போட்ட ஓர் இறைச்சிக்கடைக்காரர் கைகொடுத்தார். ஊர்க்காரர்களே பிணங்களாக நடந்தார்கள். தயாரிப்பாளர்களே நடிகர்களானார்கள்.

கதை எளியது. செத்தவர்கள் காரணம் தெரியாமல் எழுந்து மனிதர்களைத் தின்னத் தொடங்குகிறார்கள். கல்லறைக்கு வந்த பார்பரா என்ற பெண், அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு ஆளில்லாத பண்ணை வீட்டுக்குள் ஓடி ஒளிகிறாள். பென் என்பவன் அங்கே வந்து சேர்கிறான். கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் பலகை அடிக்கிறான், துப்பாக்கியைத் தேடி எடுக்கிறான், அவளையும் காப்பாற்றுகிறான். நிலவறையில் ஏற்கெனவே ஒளிந்திருந்த சிலர் பிறகு மேலே வருகிறார்கள். கூப்பர், அவன் மனைவி, பிணம் கடித்துக் காய்ச்சலில் கிடக்கும் அவர்கள் மகள், ஓர் இளம் சோடி. அந்த ஓர் இரவுதான் படம்.

பென்னாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவர். அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் கறுப்பர். 1968-இல் வெள்ளையர்களுக்கு நடுவே முடிவெடுப்பவனாக, கட்டளையிடுபவனாக, ஒரு வெள்ளையனை அடிக்கிறவனாக ஒரு கறுப்பனைத் திரையில் காட்டுவது எளிதில் நடக்கிற காரியமில்லை. எழுதும்போது பென் என்ன நிறம் என்று யோசிக்கவில்லை என்றும், நடிப்புத் தேர்வில் ஜோன்ஸ் மற்ற எல்லோரையும் விட நன்றாகச் செய்ததால் எடுத்துக்கொண்டோம் என்றும் ரொமேரோ பலமுறை சொல்லியிருக்கிறார். எழுத்தில் பென் கொச்சையாகப் பேசும் ஒரு லாரி ஓட்டுநர். ஜோன்ஸ் நன்கு படித்தவர், மேடை நடிகர். அந்தப் பேச்சை அப்படியே பேசாமல் தன் நடைக்கு மாற்றிக்கொண்டார். கறுப்பன் என்றால் இப்படித்தான் பேசுவான் என்ற எதிர்பார்ப்பு அங்கேயே உடைந்தது. பிற்காலத்தில் அவர் நியூயார்க்கில் ஒரு கல்லூரியில் நாடகப் பேராசிரியராக இருந்து, 1988-இல் மறைந்தார்.

தகுதி, திறமை என்று நம்மிடம் உபதேசம் செய்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தார்கள், திறமை உள்ளே வந்தது. அவ்வளவுதான் நடந்தது. கதவு மூடியிருக்கும் இடத்தில்தான் திறமை இல்லை என்ற பேச்சு எழும்.

இனி அந்த வீட்டுக்குள் நடக்கும் சண்டைக்கு வருவோம். மேலேயே இருந்து எதிர்த்து நிற்போம் என்கிறான் பென். நிலவறைக்குள் போய்க் கதவைத் தாழிடுவோம் என்கிறான் கூப்பர். பார்த்தால் இது உத்தியைப் பற்றிய வாக்குவாதம். உண்மையில் யார் சொல்லை யார் கேட்பது என்பதுதான் கேள்வி. பென்னின் நிறத்தைப் பற்றிக் கூப்பர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. படத்தில் யாருமே சொல்வதில்லை. ஆனாலும் பென் வெளியே பிணங்களிடம் சிக்கித் திரும்பி ஓடி வரும்போது, கூப்பர் கதவைத் திறக்க மறுக்கிறான். உதைத்துத் திறந்துகொண்டுதான் பென் உள்ளே வருகிறான். வசவு ஒன்றும் இல்லாமல், வெறும் கதவைத் திறக்காமல் இருந்தே ஒருவனைக் கொல்ல முடியும் என்பதை நாங்கள் சினிமாவில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பென் எல்லாவற்றிலும் சரியானவன் இல்லை. அவன் போட்ட திட்டப்படி வண்டிக்குப் பெட்ரோல் நிரப்பப் போன இடத்தில்தான் அந்த இளம் சோடி தீயில் கருகிறது. அவன் கோபத்தில் கூப்பரைச் சுடுகிறான். எதை வேண்டாம் என்று வாதிட்டானோ அந்த நிலவறைதான் கடைசியில் அவனுக்கே அடைக்கலம் தருகிறது. இதைப் படத்தின் பெரிய நேர்மை என்று நாம் கருதுகிறோம். ஒடுக்கப்பட்டவன் கொல்லப்பட்டால் உடனே அவன் நடத்தையை விசாரிக்கக் கிளம்புகிறது பொதுப்புத்தி. குடித்திருந்தானா, கடன் வாங்கியிருந்தானா, யாரோடு பேசினான், எதிர்த்துப் பேசினானா என்று கேட்கிறது. மாசற்றவன் என்று சான்றிதழ் கிடைத்தால்தான் இரக்கம் சுரக்கும். பென் தவறு செய்கிற, கோபப்படுகிற, பயப்படுகிற சாதாரண மனிதன். உயிரோடிருக்க அந்தச் சாதாரணமே போதும் என்று படம் சொல்கிறது.

இரவு முழுவதும் பிணங்களால் அவனைக் கொல்ல முடியவில்லை. விடிகிறது. ஷெரிப்பின் தலைமையில் துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் கூட்டம் மோப்ப நாய்களோடு வயல்வெளியில் வருகிறது. காப்பி குடித்துக்கொண்டு, பேசிக்கொண்டு, எதிர்ப்படும் பிணங்களைச் சுட்டுக்கொண்டு வருகிறார்கள். வெடிச்சத்தம் கேட்டு, பென் நிலவறையிலிருந்து எச்சரிக்கையோடு மேலே வந்து சன்னலோரம் நிற்கிறான். தூரத்திலிருந்து ஒருவன் குறி வைக்கிறான். நெற்றியில் ஒரே தோட்டா. நல்ல குறி என்று பாராட்டு. எரிக்கப் போட இன்னும் ஒன்று, அவ்வளவுதான்.

சுட்டவன் முகத்தில் வெறுப்பு இல்லை. ஷெரிப் கொடியவனாகக் காட்டப்படவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்கிற அதிகாரி அவர். யார் நிற்கிறார்கள் என்று யாரும் குரல் கொடுக்கவில்லை, ஒரு நொடி உற்றுப் பார்க்கவுமில்லை. அங்கே தெரிந்த உருவம் மனிதனா என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. படம் இதற்கு மேல் எதையும் விளக்குவதில்லை.

பிறகு எழுத்துகள் ஓடும்போது அசையாத படங்கள் வருகின்றன. பழைய செய்தித்தாள் படங்களைப் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. இறைச்சிக் கொக்கிகளோடு வரும் ஆட்கள், இழுத்துப் போடப்படும் பென்னின் உடல், பிணக்குவியல், தீ. அன்றைய அமெரிக்கப் பார்வையாளருக்கு, அதிலும் கறுப்பினப் பார்வையாளருக்கு, இந்தப் படங்கள் வேறு படங்களை நினைவூட்டாமல் இருந்திருக்க முடியாது. கறுப்பர்களை மரத்தில் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்ற கும்பல்கள், அந்தப் பிணங்களின் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்து அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்ற வரலாறு அந்த நாட்டுக்கு உண்டு. 1877-க்கும் 1950-க்கும் இடையில் 4,000-க்கும் மேற்பட்ட கும்பல் கொலைகள் ஆவணப்படுத்தப்பட்டுள்ளன. நாய்களும் புதியவை அல்ல. 1963-இல் பர்மிங்ஹாம் நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் வந்த கறுப்பினச் சிறுவர்கள் மீது காவல்துறை நாய்களை ஏவிய படங்கள் உலகம் முழுவதும் அச்சாகியிருந்தன.

முடிந்த படச்சுருளைக் காரில் வைத்துக்கொண்டு விநியோகஸ்தர்களைத் தேடி ரொமேரோவும் நண்பரும் நியூயார்க் போய்க்கொண்டிருந்த இரவில், வானொலியில் ஒரு செய்தி வந்தது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அது 1968 ஏப்ரல் 4. வாங்க வந்த ஒரு நிறுவனம் முடிவை மாற்றச் சொன்னது. பென் பிழைத்தால் மக்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள் என்பது அவர்கள் கணக்கு. படக்குழு மறுத்தது. ஜோன்ஸும் பென் சாகிற முடிவின் பக்கமே நின்றார். அத்தனைக்கும் பிறகு கறுப்பு நாயகனை வெள்ளையர் கூட்டம் வந்து காப்பாற்றினால், அது தன் மக்களுக்குச் சொல்லப்படும் பொய்யாக இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க்கில் படம் வெளியானது.

இந்தப் படத்தில் இனவெறி பற்றி ஒரு வசனமும் இல்லையே, நீங்களாக ஏன் தேடுகிறீர்கள் என்று கேட்பவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. இங்கே நமக்கு நன்கு பழகிய கேள்விதான் இது. "படத்தில் சாதியே இல்லை, ஏன் சாதியைத் தேடுகிறீர்கள்?" பெயர் சொல்லாததாலேயே ஒன்று இல்லாமல் போய்விடாது. இயக்குநர் நினைத்தாரா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். 1968-இல் சன்னலோரம் நின்ற உடல் கறுப்பு உடல். குறி வைத்த கை வெள்ளைக் கை. அந்தக் காட்சிக்குப் பொருளைக் கொடுப்பது நாட்டின் வரலாறு. அதே கதையை 1990-இல் மறுபடியும் எடுத்தார்கள். அதிலும் பென் கறுப்பர்தான். ஆனால் அதில் அவன் பிணமாக மாறிய பிறகே சுடப்படுகிறான். ஒரு சின்ன மாற்றம்தான். கூட்டத்தின் கையிலிருந்த இரத்தக்கறை அதில் கழுவப்பட்டுவிட்டது.

குறையில்லாத படம் என்று நாம் சொல்ல வரவில்லை. பார்பரா தொடக்கத்தில் அதிர்ச்சியில் உறைந்தவள், கிட்டத்தட்ட கடைசி வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். பெண்களுக்கு அழவும் மருண்டு பார்க்கவும் தவிர அதிக வேலை இல்லை. ஒரு மனிதனை மனிதனாகப் பார்க்கத் தவறுவது பற்றிய படம், பெண்களை முழு மனிதர்களாகப் பார்க்கத் தவறியிருக்கிறது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கறுப்பின மக்களின் கதை நமக்கு எட்டாத தேசத்துக் கதை என்று நம் முன்னோர் நினைத்ததில்லை. 1873-இல் மகாத்மா ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படியைக் கேட்ட கடிதம் அது. 1966-இல் ஓக்லாந்தில் பிறந்த கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் பெயரைத்தான் 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிறுத்தை பிறகு தமிழகத்துக்கும் வந்தது. அந்த உறவின் பெயரால்தான் இந்தப் படத்தையும் நம் கண்ணால் பார்க்கிறோம்.

அப்படிப் பார்க்கும்போது ஓர் ஆண்டு கண்ணில் குத்துகிறது. படம் திரைக்கு வந்து மூன்று மாதம் ஆகவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களின் குடியிருப்பைப் பண்ணையாரின் ஆட்கள் சூழ்ந்தார்கள். உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள், அந்தக் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். பென்சில்வேனியாவின் பண்ணை வீட்டுக்கும் வெண்மணியின் குடிசைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒன்று கற்பனை, ஒன்று நம் இரத்தம். ஆனால் வெண்மணிக்கும் ஒரு காலைப்பொழுது இருந்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. காரும் நிலமும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் தீர்ப்பு பேசியது. அங்கே தோட்டா இல்லை, நாய்கள் இல்லை. கருகிய 44 பேரை மனிதராகப் பார்க்காத பார்வை மட்டும் அப்படியே இருந்தது.

ஆகவேதான் வன்கொடுமை நடந்த ஊருக்குப் போகிறபோது, அன்றிரவு என்ன நடந்தது என்பதோடு நம் கேள்வியை நிறுத்திக்கொள்ளக் கூடாது என்கிறோம். மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். புகார் எந்த நேரத்தில் பதிவானது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவு போடப்பட்டது, எந்தப் பிரிவு விடப்பட்டது? அடிபட்டவர்கள் மீதே எதிர் வழக்கு போடப்பட்டதா? யார் வந்து யாரோடு தேநீர் குடித்தார்கள்? ஊர் அமைதி திரும்பியது என்று செய்தி வரும். அந்த அமைதிக்காக யாருடைய நெற்றி விலையாகக் கொடுக்கப்பட்டது என்று விசாரிப்பது நம் வேலை.

படம் எடுக்கத் துடிக்கும் நம் இளைஞர்களுக்கும் இந்தப் படத்தில் பாடம் இருக்கிறது. பத்துப் பேர், ஒரு பழைய வீடு, கொஞ்சம் சாக்லேட் பாகு. அதில் பிறந்த படம் 1999-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கும் தேசியத் திரைப்படப் பட்டியலில் இடம் பிடித்தது. கசப்பான பாடமும் உண்டு. விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு வரி விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் யாரோ அச்சிட்டு விற்றுப் பணம் பார்க்க, உழைத்தவர்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை. படைப்பவன் தன் உரிமைப் பத்திரத்தையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த விடுபட்ட வரியால்தான் படம் இன்று இணையத்தில் எளிதாகக் காணக் கிடைக்கிறது. ஒன்றரை மணி நேரப் படம். ஊர்ப் படிப்பகத்தில், மாணவர் விடுதியில், வயது வந்த பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பென் விழுந்ததும் படம் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். கடைசியில் வரும் அந்த அசையாத படங்களையும் பார்த்துவிட்டு, சுட்டவன் ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலில் நம் ஊர் இருக்கும்.